பகலுக்குக் கரிச்சான், இரவுக்குத் தேரை

கேள்வி: "எங்களுக்குப் பெரிய முதலியார்சாவடியில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே ஒண்ணே கால் ஏக்கர் செம்மண் நிலம் இருக்கு. மல்லாட்டையும் கொஞ்சம் கத்தரியும் போட்டிருக்கோம். வரப்பில் பத்துத் தென்னை நிக்குது. ராத்திரியானா மோட்டார் கொட்டகை லைட்டுக்குக் கீழே பத்துப் பதினஞ்சு தேரை வந்து உட்காருது. தென்னையில் நாலு மரம் ஒல்லிக்காயா விடுது. ஒன்றரை வயசுப் பையன் எடை கூடாம இருக்கான். ரெண்டுக்கும் தேரை விழுந்ததுதான் காரணம்னு மாமியார் சொல்றாங்க. வீட்டுக்காரர் தினமும் உப்பை அள்ளிப் போட்டுத் தேரையைக் கொல்றார். 'பூச்சியைத் தின்னத்தான் கரிச்சான் குருவி இருக்கே, தேரை எதுக்கு'ங்கிறார். இது சரியா?"
- வாசகி ஒருவர், பெரிய முதலியார்சாவடி

பதில்: சகோதரிக்கு வணக்கம். ஒரே கடிதத்தில் மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். பையன், தென்னை, தேரை. மூன்றையும் ஒன்றாக முடிச்சுப் போட்டதுதான் சிக்கல். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் பையன்

பயிரைப் பற்றிய பதில் ஒரு வாரம் காத்திருக்கும். பிள்ளை காத்திருக்கக் கூடாது. நான் மருத்துவன் இல்லை, ஆனாலும் இதைத் தாண்டிப் போக முடியாது. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு எடை ஏறாமல் இருப்பதற்குச் சாப்பாடு போதாமை, அடிக்கடி வயிற்றுப்போக்கு, குடற்புழு, ரத்தசோகை, மறைந்திருக்கும் காசநோய் என்று பல காரணங்கள் இருக்கலாம். தேரை அதில் ஒன்றும் இல்லை. தேரை குழந்தையைப் பார்ப்பதாலோ, மேலே தாவுவதாலோ உடம்பு இளைக்காது.

பையனை நாளைக்கே அங்கன்வாடிக்குத் தூக்கிப் போய் எடை பார்க்கச் சொல்லுங்கள். அங்கே புஜத்தின் நடுவில் சுற்றி அளக்கும் நாடா வைத்திருப்பார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள பிள்ளைக்கு அந்த அளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடுமையான ஊட்டக்குறைவு. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். அளவு அதற்கு மேலே இருந்தாலும், மாதா மாதம் எடை ஏறாவிட்டால் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். மந்திரிப்பதும் கயிறு கட்டுவதும் மாமியாரின் மனதுக்கு ஆறுதல் என்றால் அது உங்கள் வீட்டு விஷயம். அதைக் காரணம் காட்டி ஒரு நாள்கூட மருத்துவமனைப் பயணத்தைத் தள்ளிப் போடாதீர்கள்.

தென்னையில் ஏறியது யார்?

'தேரை மோந்த தேங்காய்' என்று தமிழ்நாடு முழுக்கச் சொல்வார்கள். உரித்துப் பார்த்தால் உள்ளே பருப்பு இருக்காது, அல்லது ஓட்டோடு ஒட்டிக் கொஞ்சம் இருக்கும். ஆனால் நீங்கள் மோட்டார் கொட்டகையில் பார்க்கும் சொறித்தேரை தென்னை ஏறாது. அதன் விரலில் ஒட்டிப் பிடிக்கும் வட்டு கிடையாது. தரையில் தத்தித் தத்திப் போகும் பிராணி அது. மட்டை இடுக்கில் ஒண்டியிருப்பது மரத்தவளை. வீட்டுச் சுவரிலும் ஏறுமே, அதுதான். சில ஊர்களில் அதையும் தேரை என்றே சொல்வதால் இரண்டு பிராணிக்கும் ஒரே பழி விழுந்துவிட்டது. மரத்தவளையும் ஈரத்துக்காகவும் பூச்சிக்காகவும்தான் மேலே ஏறுகிறது. மட்டைக்கு மேல்தோடு போட்ட காய்க்குள் எந்தத் தவளையும் வாய் வைக்க முடியாது.

ஒல்லிக்காய்க்கு முக்கியமான காரணங்கள் சாம்பல்சத்து, போரான் சத்துக் குறைவும், மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காததும்தான். மணல் கலந்த நிலத்தில் மழைத் தண்ணீரோடு சத்து கீழே இறங்கிவிடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை இதுதான்: வழக்கமாகப் போடும் உரத்துக்கு மேல், மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கிலோ மியூரேட் ஆஃப் பொட்டாஷ், 200 கிராம் போராக்ஸ் கூடுதலாகப் போட வேண்டும். மூன்று ஆண்டு தொடர்ந்து போட வேண்டும். மரத்தைச் சுற்றி வட்டப்பாத்தியில் தூவிக் கொத்தி மூடித் தண்ணீர் விடுங்கள். தென்னையில் இன்று வரும் பாளை இரண்டு ஆண்டுக்கும் முன்பே உருவாகத் தொடங்கியது. அதனால் பலன் தெரியக் கொஞ்ச காலம் ஆகும். நாலு மரத்துக்குமான செலவை, உதிர்ந்து போகிற காயின் விலையோடு ஒப்பிட்டு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கரிச்சானா, தேரையா?

இப்போது உங்கள் வீட்டுக்காரரின் கேள்விக்கு வருவோம். கரிச்சான் இருந்தால் தேரை எதற்கு? நியாயமான கேள்விதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதில் தானாக வரும்.

கரிச்சானை நம் பக்கம் இரட்டைவால் குருவி, கரிக்குருவி, வலியன் என்றும் சொல்வார்கள். உடம்பு முழுக்கப் பளபளக்கும் கறுப்பு, வால் நுனி கத்தரிக்கோல் போலப் பிரிந்திருக்கும். கரன்ட் கம்பியிலும் மாட்டு முதுகிலும் உட்கார்ந்திருக்கும். பாடும் பறவைகள் என்று அறிவியலார் பிரித்திருக்கும் பெரிய கூட்டத்தைச் சேர்ந்தது. விடியலுக்கு முன்பே முதல் குரல் கொடுப்பவர்களில் இதுவும் ஒன்று. வல்லூறு போலவும் குரல் கொடுத்து ஏமாற்றும். திருவிளையாடல் புராணத்தில் கரிக்குருவிக்கு உபதேசம் செய்த படலம் என்று ஒன்று உண்டு. காக்கைகளிடம் கொத்துப்பட்டு நொந்துபோன குருவிக்கு மதுரையில் சிவபெருமான் மந்திரம் உபதேசித்ததாகவும், அதனால் அது வலிமை பெற்று வலியான் என்று பெயர் வாங்கியதாகவும் கதை. வயலில் நின்று பாருங்கள். கூட்டுப் பக்கம் வந்த காக்கையையும் பருந்தையும் இந்தச் சின்னக் குருவி விரட்டி விரட்டிக் கொத்தும். அதனால்தான் புறா, தவிட்டுக்குருவி போன்றவை கரிச்சான் கூடு கட்டிய மரத்திலேயே தாங்களும் கூடு கட்டுகின்றன.

தேரை இதற்கு நேர் எதிர். மண் நிறம், உடம்பெல்லாம் முண்டு முண்டாகச் சொறி, தலையில் கறுப்பு வரம்பு. பகலெல்லாம் கல்லடியிலும் வரப்புப் பொந்திலும் பதுங்கிக் கிடக்கும். பொழுது சாய்ந்த பிறகுதான் அதற்கு வேலை. பாட்டு அதற்கும் உண்டு. மழை பெய்த ராத்திரி குட்டையோரம் 'கிர்ர்ர்' என்று விடாமல் கேட்பது ஆண் தேரை பெட்டையைக் கூப்பிடும் குரல்.

வேட்டை நேரமும் இடமும்

கரிச்சான் உயரத்தில் உட்கார்ந்து பார்க்கும். பறக்கிற பூச்சியைக் காற்றிலேயே பிடிக்கும். தரையில் ஓடும் வெட்டுக்கிளியை இறங்கிக் கவ்வும். தத்துக்கிளி, வெட்டுக்கிளி, ஈசல், அந்துப்பூச்சி, செடியின் மேலே வெளிப்படையாகத் திரியும் பச்சைப்புழு எல்லாம் அதன் தீனி. ஏர் ஓட்டும்போதும் டிராக்டர் ஓடும்போதும் பின்னாலேயே வருவது, மண்ணிலிருந்து கிளம்பும் பூச்சிக்காகத்தான்.

தேரை தரையோடு கிடந்து பார்க்கும். அசைகிற எதையும் இரை என்று எடுத்துக்கொள்ளும், அசையாததை விட்டுவிடும். நாக்கு நமக்கு இருப்பது போல் பின்னால் ஒட்டியிருக்காது, முன்வாயில் ஒட்டியிருக்கும். அதனால் கண்ணிமைக்கும் நேரத்தில் வெளியே வீசி இழுத்துக்கொள்ளும். எறும்பும் கரையானும் வண்டும்தான் அதிகம். இவற்றோடு பாச்சை, மண்ணில் ஊரும் புழுவும் போகும்.

இதை உங்கள் மல்லாட்டைக் கொல்லையில் பொருத்திப் பாருங்கள். புரொடீனியா புழு இலையைச் சல்லடையாக்குகிறது. சிறு புழுவாகக் கூட்டமாக இருக்கும்போது இலையில் இருக்கும். வளர்ந்த பிறகு பகலில் செடியடி மண்ணிலும் வெடிப்பிலும் ஒளிந்துகொண்டு, இருட்டியதும் மேலே வரும். பகலில் மட்டும் வேலை பார்க்கும் கரிச்சானுக்கு அந்தப் பெரிய புழு கண்ணிலேயே படாது. கரையானும் அப்படித்தான், மண்ணுக்குள். வேர்ப்புழுவின் தாய் வண்டு கோடை மழைக்குப் பிறகு அந்தி மயங்கியதும் மண்ணிலிருந்து கிளம்பி வேம்புக்கும் முருங்கைக்கும் போகும். மண்ணிலிருந்து வெளியே வரும் அந்த நேரத்தில் அங்கே காத்திருக்கக்கூடியது தேரைதான்.

மறுபக்கமும் உண்டு. செடியின் நுனியில் இருக்கும் புழுவைத் தேரை எட்டாது. பகலில் பறக்கும் தத்துக்கிளியை அது துரத்தாது. அங்கே கரிச்சான்தான் வேண்டும். தெருவிளக்கடியில் இருட்டிய பிறகும் கரிச்சான் கொஞ்ச நேரம் பூச்சி பிடிக்கும், அதோடு சரி.

ஆகவே இரண்டு பேருக்கும் ஒரே வேலை இல்லை. ஒருவர் பகல் ஷிப்ட், மேல் தளம். இன்னொருவர் இரவு ஷிப்ட், தரைத் தளம். ஒருவரை நிறுத்திவிட்டால் மற்றவர் அந்த இடத்துக்கு வர மாட்டார்.

பெருகும் விதம்

கரிச்சான் கோடையில் மரக்கிளைக் கவையில் கிண்ணம் போலக் கூடு கட்டி மூன்று நான்கு முட்டை இடும். தாயும் தந்தையும் சேர்ந்து தீனி ஊட்டும். குஞ்சுக்குத் தீனி தேவைப்படும் அந்த நாட்களில்தான் அவை அதிகப் பூச்சி பிடிக்கும். அப்போது கூட்டு மரத்தை வெட்டினால் அந்தப் பருவம் வீண். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் நம் கரையில் முந்திரியையும் பலாவையும் தென்னையையும் சாய்த்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெரிய மரம் போன வரப்பில் கூடு கட்டவும் இடம் போகும்.

தேரை ஒரே தடவையில் ஆயிரக்கணக்கான முட்டை இடும். நல்ல தண்ணீர்க் குட்டையில் ஜவ்வு போன்ற நீண்ட சரமாக, கறுப்பு மணி கோத்தது போலக் கிடக்கும். அதோடு தாயின் வேலை முடிந்தது. கறுத்த தலைப்பிரட்டைகள் கூட்டமாகப் பாசி மேய்ந்து வளரும். ஐந்தாறு வாரம் அந்தக் குட்டை வற்றாமலும் விஷமாகாமலும் இருந்தால்தான் குட்டித் தேரை கரையேறும். ஆயிரத்தில் ஒரு சிலதான் பிழைக்கும்.

உப்பும் மருந்தும்

உங்கள் வீட்டுக்காரர் உப்புப் போட்டால் தேரை ஏன் துடித்துச் சாகிறது? தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சும். அந்தத் தோலில் உப்புப் பட்டால் உடம்புத் தண்ணீர் வெளியே இழுக்கப்படும். மரக்காணம் உப்பளத்துப் பாத்திக்குள் நீங்கள் தேரையைப் பார்க்க முடியாததற்கும் காரணம் இதுதான். கரிச்சானுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. உப்பளத்துக் கம்பியிலும் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும்.

கடலோர விவசாயிக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பேறிக்கொண்டே போகிற நிலத்தில், தேரைக்கு மிஞ்சுவது ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கும் நல்ல தண்ணீர் மட்டுமே. அந்தக் குட்டையைத் தூர்த்துவிட்டால் அடுத்த ஆண்டு இரவுக் காவலுக்கு ஆள் இருக்காது. வடக்கே கழுவேலி ஏரிக்கு 2021-இல் பறவைகள் சரணாலயம் என்ற பெயரும், 2024 ஆகஸ்டில் ராம்சார் தகுதியும் கிடைத்தன. பெரிய ஏரிக்குப் பாதுகாப்பு வந்தது நல்லது. நம் வரப்போரக் குட்டையை நாம்தான் பாதுகாக்க வேண்டும்.

உப்பு புகுகிற வழியில் மருந்தும் புகும். மாலையில் களைக்கொல்லி அடித்துவிட்டு வீட்டுக்குப் போனால், ஒரு மணி நேரத்தில் தேரை அந்த ஈரத்தில்தான் வயிற்றை வைத்து உட்காரும். களைக்கொல்லியோடு கலந்து வரும் ஒட்டுதிரவமே தலைப்பிரட்டையைக் கொல்லக்கூடியது. கரிச்சானுக்கு மருந்து வேறு வழியில் வரும்: மருந்து பட்டுத் தள்ளாடும் பூச்சி எளிதாகப் பிடிபடும், அதைத் தின்று குருவி சாகும். மோனோகுரோட்டோபாஸ், கார்போஃபியூரான் குருணை போன்றவை பறவைகளுக்குக் கொடிய நஞ்சு. இரண்டு காவலாளியும் செத்த பிறகு பூச்சி மட்டும் சீக்கிரம் திரும்பி வரும். பூச்சிக்குத் தலைமுறை ஒரு மாதம், குருவிக்கு ஒரு ஆண்டு.

வாங்கி விடலாமா?

'அப்படியானால் பக்கத்து ஊரிலிருந்து தேரை பிடித்து வந்து விடலாமா' என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். உலகத்தில் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள்.

1935-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கரும்பு வண்டைத் தின்னும் என்று நம்பி, ஹவாயிலிருந்து நூற்றுச் சொச்சம் பெரிய தேரைகளைக் கொண்டு வந்து பெருக்கி விட்டார்கள். வண்டு கரும்புத் தோகையின் உச்சியில். அதன் புழு மண்ணுக்குள். தேரை இரண்டையும் எட்டவில்லை. வண்டு குறையவில்லை, தேரை மட்டும் பல கோடியாகப் பெருகிற்று. அதைத் தின்ற உடும்பும் பாம்பும் விஷத்தில் செத்தன. இன்றைக்கும் அந்த நாடு அதோடு போராடுகிறது.

அதே 1935 வாக்கில் பசிபிக் கடலில் ஜப்பான் கையில் இருந்த ரோட்டா தீவுக்குத் தைவானிலிருந்து நம்ம கரிச்சானையே கொண்டு போனார்கள், பூச்சியைக் கட்டுப்படுத்தத்தான். பிறகு அது பக்கத்துக் குவாம் தீவுக்கும் தானாகப் பரவி, அங்கே சாலையோரம் அதிகம் தென்படும் பறவைகளில் ஒன்றாகிவிட்டது. அந்தத் தீவுகளின் சின்னச் சின்னப் பறவைகளுக்கு இதனால் கெடுதல் என்று ஆய்வாளர்கள் கவலைப்படுகிறார்கள். நம் ஊர்த் தேரையும் கப்பல் சரக்கோடு மடகாஸ்கருக்குப் போய், 2014-இல் தோமாசினா துறைமுகப் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே அது வில்லன்.

நம் வயலில் இரண்டும் நண்பனாக இருப்பதற்குக் காரணம் அவற்றின் குணம் மட்டும் இல்லை. பாம்பு, ஆந்தை, வறட்சி, மழை என்று எல்லாம் சேர்ந்து அவற்றை ஓர் அளவில் வைத்திருக்கின்றன. அதனால் பிடித்து வந்து விட வேண்டியது இல்லை. இருப்பதைக் கொல்லாமல் விட்டால் போதும். வயல் தவளைகளைப் பிடித்துக் காலை வெட்டி, ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டன் வெளிநாட்டுக்கு அனுப்பிய நாடு நம் நாடு. 1987-இல் அந்த ஏற்றுமதியை அரசு தடை செய்தது. தவளை போனால் பூச்சி பெருகும், மருந்துச் செலவு ஏறும் என்பதும் அந்தத் தடைக்காகச் சொல்லப்பட்ட முக்கியமான வாதம்.

என்ன செய்யலாம்?

கரிச்சானுக்கு:

1. பறவைத் தாங்கி வையுங்கள். உங்கள் பக்கம் சவுக்கு மிலாறுக்குப் பஞ்சம் இல்லை. 'ட' எழுத்தைப் போல் அல்ல, ஆங்கில 'டி' எழுத்தைப் போல் குறுக்குக் குச்சி கட்டி, பயிருக்கு மேலே ஒன்று ஒன்றரை அடி உயரம் இருக்கும்படி ஏக்கருக்கு 20 நட்டால் போதும். நெல் வயலில் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டாலும் சரி.
2. நெல், கம்பு, சோளம் போட்டவர்கள் கதிர் பால் பிடிக்கும்போது தாங்கியை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் தானியம் தின்னும் குருவி வந்து உட்காரும்.
3. கூடு இருக்கும் கிளையைக் குஞ்சு பறக்கும் வரை கழிக்காதீர்கள்.

தேரைக்கு:

1. உடைந்த மண்பானையை வரப்பு நிழலில் கவிழ்த்துப் பாதி புதையுங்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வாசல் இருக்கட்டும். கல் குவியலும் போதும்.
2. செங்குத்தான தொட்டி, பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட பண்ணைக்குட்டை இருந்தால், ஏறி வர ஒரு பலகையோ சாக்கோ சாய்த்து விடுங்கள். ஏற முடியாமல் நீந்தி நீந்தியே சாகும்.
3. விளக்குப் பொறி வைத்தால் சோப்புத் தண்ணீர்த் தட்டை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். தரையில் வைத்தால் பூச்சியைத் தேடி வரும் தேரையும் விழும்.
4. மழைக்குட்டையில் சரம் சரமாக முட்டை தெரிந்தால் ஆறு வாரம் அந்தப் பக்கம் மருந்து அடிக்காதீர்கள், தெளிப்பானையும் அதில் கழுவாதீர்கள்.

இரண்டாலும் முடியாததையும் சொல்லிவிடுகிறேன். இவை நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்று பிரித்துப் பார்க்காது. தட்டானையும் கரிச்சான் தின்னும், மண்புழுவையும் தேரை தின்னும். சிவப்புக் கம்பளிப்புழுவின் முடிக்குப் பயந்து பெரும்பாலான பறவைகள் அதைத் தொடாது. அதற்கு மழைக்குப் பின் விளக்குப் பொறி, புழு நகராமல் தடுக்கக் கொல்லையைச் சுற்றிக் குழி என்று நாம்தான் இறங்க வேண்டும். புரொடீனியாவுக்கு வரப்பில் ஆமணக்கு நட்டு, முட்டைக் குவியல் இருக்கும் இலையைக் கிள்ளி அழிக்க வேண்டும். இதையெல்லாம் செய்தும் சேதம் ஏறிக்கொண்டே போனால் வானூர் வேளாண்மை விரிவாக்க மையத்தில் இலையோடு காட்டிக் கேளுங்கள். மருந்துக் கடையில் கேட்டு அடிப்பது கடைசி வழியாக இருக்கட்டும். உழவர் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800 180 1551.

தேரை கேள்வி வந்ததால், இதே விஷயமாக முன்பு வந்திருந்த இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: "தேரை இருந்தால் பாம்பு வரும் என்கிறார்கள். தேரை விஷம் என்கிறார்களே, தொட்டால் மரு வருமா?"
- மரக்காணம் பகுதி வாசகர்

பதில்: முதல் பாதி உண்மை. சாரை, தண்ணீர்ப் பாம்பு, நல்ல பாம்பு எல்லாம் தேரையைத் தின்னும். ஆனால் வாசலுக்குத் தேரையைக் கூப்பிட்டது யார்? வாசல் லைட். லைட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தேரை வரும், தேரைக்குப் பாம்பு வரும். தேரையைக் கொன்றால் நாளைக்கு வேறு தேரை வரும். லைட்டை வாசலுக்கு நேர் மேலே போடாமல் பத்தடி தள்ளி, வெளிச்சம் வாசலில் விழும்படி மாட்டுங்கள். வாசலையொட்டிச் செங்கல், விறகு, தேங்காய் மட்டையைக் குவிக்காதீர்கள். ராத்திரி டார்ச் இல்லாமல் கால் வைக்காதீர்கள். வீட்டில் இருக்கும் தேரையை முறத்தில் தள்ளிக் கொல்லைப் பக்கம் விட்டால் போதும்.

விஷம் என்பதும் உண்மை. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு பெரிய முண்டில் பால் போன்ற விஷம் இருக்கிறது. அது இதயத்தைத் தாக்கும். ஆனால் தேரை அதைப் பாய்ச்சி யாரையும் தாக்காது. கவ்வினால், நசுக்கினால்தான் வெளியே வரும். ஆகவே தேரையை யாரும் எதற்கும் மருந்தாகவோ கறியாகவோ சாப்பிடக் கூடாது, உயிர் போகும். கையால் தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையைக் கண்ணில் வைக்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் எடுத்து விளையாட விடாதீர்கள். நாய் கவ்வி நுரை தள்ளினால், ஓடும் தண்ணீரில் அதன் வாயைப் பக்கவாட்டில் கழுவிவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். குடத்துத் தண்ணீரில் தேரை விழுந்தால் கொட்டிவிட்டுக் கழுவி வேறு பிடியுங்கள்.

மரு வருவது வைரஸால். மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான் அது தொற்றும். தேரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: "முந்திரித் தோப்பில் பத்துத் தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். கரிச்சான் தேனீயைப் பிடிக்கிறது. விரட்டலாமா?"
- வானூர் பகுதி வாசகர்

பதில்: கரிச்சான் தேனீயைப் பிடிக்கும், மறுப்பதற்கில்லை. பெட்டிக்கு நேர் எதிரில் கம்பியோ காய்ந்த கிளையோ இருந்தால் அங்கே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடிக்கும். அந்தக் கிளையை எடுத்துவிடுங்கள். பெட்டியைத் திறந்த வெளியில் வைக்காமல், தாழ்ந்த மரக்கிளையின் கீழே நிழலில் வையுங்கள். பறந்து பிடிக்க அதற்கு இடம் இருக்காது. பெட்டியைத் தரையில் வைத்தால் வாசலில் தேரையும் வந்து உட்காரும். ஒன்றரை அடி உயரத்துக்குக் கால் வைத்து, கால் அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் எறும்புத் தொல்லையும் தீரும். பறவைத் தாங்கியைப் பெட்டிக்குத் தூரமாக, பயிருக்குள் நடுங்கள். சுண்டுவில், வலை, விஷம் எதுவும் வேண்டாம்.

முதலியார்சாவடி சகோதரிக்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு வேலை. இந்தப் பருவம் முழுக்க, வாரம் ஒரு நாள் காலை ஆறரை மணிக்குக் கால் மணி நேரம் கொல்லையில் நின்று கரிச்சான் எத்தனை என்று எண்ணுங்கள். அன்று இரவு எட்டு மணிக்கு டார்ச்சோடு ஒரு சுற்று நடந்து தேரை எத்தனை என்று எண்ணுங்கள். அடுத்த நாள் பத்துச் செடியைப் பிரித்துப் பார்த்துப் புழு எத்தனை என்று எழுதி வையுங்கள். மருந்து அடித்த தேதியையும் அதே நோட்டில் குறியுங்கள். உப்புப் போடுவதை நிறுத்திவிட்டு எண்ணினால், அறுவடைக்குள் உங்கள் வீட்டுக்காரருக்கு வேண்டிய பதில் உங்கள் கையெழுத்திலேயே இருக்கும். அந்தக் கணக்கை எங்களுக்கும் அனுப்புங்கள்.

பையனின் எடை கணக்கு மட்டும் அறுவடை வரை காத்திருக்க வேண்டாம். அது நாளைக் காலை.